உறங்கும் கணினியைச் செப்பனிடுதல்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் பெயர் சற்று நீளமானது. மெய்நிகர் வட்டு ஒன்றில் உறங்கிக் கிடக்கும் இயக்க அமைப்பை, அது விழித்தெழுவதற்கு முன்னரே புதுப்பித்தல் என்று அதனைக் கூறலாம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். அந்த வழியிலேயே செல்வோம்.

கணினி என்பது யாது? மேசைமீதுள்ள பெட்டி என்று விடை கூறுவீர்கள். அப்பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் வட்டினைக் கழற்றி எடுத்துவிட்டால் எஞ்சி நிற்பது என்ன? உலோகமும் சிலிக்கனும் கம்பிகளுமே. அதில் விண்டோஸ் இல்லை. நீங்கள் எழுதிய கட்டுரை இல்லை. உங்கள் கடவுச்சொல்லும் இல்லை. கழற்றிய வட்டினை அதே வகையான வேறொரு பெட்டியில் பொருத்திப் பாருங்கள். பழைய கணினியே அங்குக் கண்விழிக்கும். ஆகவே ஒரு கணினியின் தனித்தன்மை முழுவதும் அதன் வட்டில் எழுதப்பட்டுள்ளது என்று கொள்வதில் தவறில்லை.

இனி ஒரு படி மேலே செல்வோம். வட்டு என்பது எண்ணிட்ட சிறு கட்டங்களின் நீண்ட வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் 512 பைட்டு அளவு செய்தியை எழுதுவது நெடுங்கால வழக்கம். அந்த வரிசை முழுவதையும் முதலிலிருந்து இறுதிவரை அப்படியே பெயர்த்து ஒரு பெரிய கோப்பில் எழுதிவிட்டால், அக்கோப்பே ஒரு வட்டாகப் பயன்படும். அதுவே மெய்நிகர் வட்டு. அந்தக் கோப்பை உண்மையான வட்டு என்றே நம்பி, ஒரு கணினிக்குள் மற்றொரு கணினி இயங்குமாறு செய்யும் மென்பொருள்கள் உள்ளன. அவ்வாறு இயங்குவதை மெய்நிகர் கணினி என்கிறோம். இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே இதனை ஆய்ந்து, 1972ஆம் ஆண்டில் வி.எம்.370 என்னும் பெயரால் தம் பெருங்கணினிகளுக்கு உரிய பொருளாக வெளியிட்டனர். சிறு கணினிகளில் இதனைப் பரப்பியவர்களுள் வி.எம்.வேர் நிறுவனத்தார் முன்னோடிகள். அவர்தம் முதற்பொருள் 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் நெடுங்காலம் பயன்படுத்திவந்த வி.எச்.டி. என்னும் கோப்பு வகை கனெக்டிக்ஸ் என்னும் நிறுவனத்தாருடையது. அவர்களுடைய மெய்நிகர் கணினித் தொழில்நுட்பத்தை மைக்ரோசாப்ட் 2003ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிற்று. ஒரு சுவையான செய்தி: அவ்வகைக் கோப்பின் கடைசி 512 பைட்டுகளின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் பெயர் இன்றும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் அப்பெயருக்கு ஒன்பது எழுத்து. ஒதுக்கிய இடமோ எட்டு. ஆகவே ஓர் எழுத்துக் குறைந்த நிலையில், எழுத்துப் பிழை உள்ள சொல்லைப்போல, அது கோடிக்கணக்கான கோப்புகளில் அமர்ந்திருக்கிறது! 2012ஆம் ஆண்டில் வந்த வி.எச்.டி.எக்ஸ். என்னும் புது வகை இதனினும் பெரியது. பழையது ஏறத்தாழ 2 டெராபைட்டோடு நின்றுவிடும், புதியது 64 டெராபைட்டு வரை செல்லும்.

கணினி ஒரு கோப்பாகிவிட்டதனால் விளைந்த நன்மைகள் பல. அதனைப் படியெடுக்கலாம், தேவையில்லாதபோது நிறுத்திவைக்கலாம், ஆறு மாதம் கழித்து எடுத்து இயக்கலாம். ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் பருவத் தேர்வுக்கு மட்டும் வேண்டிய கணினியை எஞ்சிய காலமெல்லாம் கோப்பாக மூடிவைக்கலாம். இங்கேதான் நம் பொருள் தொடங்குகிறது.

மூடிவைத்த கோப்பு கெடுவதில்லை. ஒரு பைட்டும் மாறுவதில்லை. மாறுவது வெளியுலகம். இயக்க அமைப்பு என்பது பல கோடி வரிகள் கொண்ட நிரல். அதில் பிழைகள் நாள்தோறும் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றுள் சில, அயலார் உள்ளே புகுவதற்கு வழிவிடும் பிழைகள். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல், மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளது. அமெரிக்க மேற்குக் கரையில் அப்பொழுது காலை 10 மணி. நம் நாட்டில் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. இயங்கிக்கொண்டிருக்கும் கணினி அத்திருத்தத்தைத் தானே பெற்றுக்கொள்ளும். உறங்கும் கணினிக்கு அச்செய்தி எட்டாது. ஆறு மாதம் உறங்கினால் ஆறு திருத்தங்கள் அதற்கு வந்து சேரவில்லை என்பது பொருள். அன்றியும், திருத்தம் வெளியான அன்றே, இன்ன இடத்தில் பிழை இருந்தது என்பதும் ஊரறிந்த செய்தியாகிவிடுகிறது. தீயோர் அத்திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தே, திருத்தப்படாத கணினிகளைத் தாக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இது கற்பனை அச்சமன்று. 2003ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்.பி. ஆகியவற்றில் இருந்த ஒரு பிழைக்குத் திருத்தம் வெளியாயிற்று. ஆகஸ்டு 11ஆம் நாள், அதே பிழையின் வழியே புகும் புழு நிரல் ஒன்று உலகெங்கும் பரவத் தொடங்கியது. அதற்குப் பிளாஸ்டர் என்று பெயர். அது மின்னஞ்சல் வழியே வருவதன்று. எதனையும் நீங்கள் திறக்க வேண்டியதில்லை. கணினி இணையத்தில் இணைந்திருப்பதே போதும். தாக்கப்பெற்ற கணினியில் அடிப்படைச் சேவை ஒன்று நின்றுபோகும்; உடனே திரையில் 60 வினாடி எண்ணிக்கை தோன்றும்; எண்ணி முடிந்ததும் கணினி தானே அணைந்து மீண்டும் எழும். அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் பெற்றவர்களே மிகுதி. திருத்தத்தை இறக்கிக்கொள்வதற்குச் சில நிமிடங்களேனும் வேண்டும். பலருக்கு அந்தச் சில நிமிடங்களே கிட்டவில்லை. மருந்து வாங்கக் கடைவீதிக்குச் செல்லும் வழியிலேயே நோய் மறித்துக்கொண்டது எனலாம். போதாக்குறைக்கு, திருத்தங்கள் வழங்கும் மைக்ரோசாப்டின் இணைய முகவரி ஒன்றையே ஆகஸ்டு 16 முதல் தாக்குமாறும் அப்புழு எழுதப்பட்டிருந்தது. நிறுவனத்தார் அந்த முகவரியையே கைவிட்டுத் தப்பினர்.

இதனைவிடப் பெரிய கேடு 2017ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு 14ஆம் நாள் திருத்தம் வெளியாயிற்று. மே 12ஆம் நாள் வான்னாகிரை என்னும் நிரல் பரவிக் கோப்புகளையெல்லாம் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரப் பணியைச் சேர்ந்த மருத்துவமனை அமைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதனால் நிலைகுலைந்தது. ஆயிரக்கணக்கான நோயாளர்களின் சிகிச்சை நாள்கள் தள்ளிப்போயின. இடைவெளி இரண்டு மாதத்திற்கும் இரண்டு நாள் குறைவு. இப்பொழுது எண்ணிப் பாருங்கள். 2017 பிப்ரவரி மாதத்தில் எல்லாத் திருத்தங்களும் பெற்ற நிலையில் ஒரு மெய்நிகர் கணினியை ஒருவர் நிறுத்திவைத்தார் என்க. அதனை மே 12ஆம் நாள் எழுப்புகிறார். அவர் எந்தக் கடமையிலும் தவறியவர் அல்லர். ஆயினும் அவருடைய கணினி காப்பற்றது. அது விழித்தவுடன் முதலில் செய்வது வலையமைப்பில் சேர்வதே.

மெய்நிகர் கணினிகளின் இத்தன்மையைத் தெளிவாக எடுத்துக் கூறியவர்கள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்பிங்கல், ரோசன்புளும் என்னும் இருவர். மெய்யான கணினிகள் நிறைந்த இடத்தில், ஒரு முறை ஊர் முழுவதையும் சுத்தம் செய்தால் நோய் ஒழிந்துவிடும். மெய்நிகர் கணினிகள் தோன்றியும் மறைந்தும் வருவன ஆகையால், ஒழிந்த நோய் பழைய படிமம் ஒன்றிலிருந்து திரும்பத் திரும்ப வெளிவரும் என்னும் கருத்தை 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் விளக்கினார்கள். துப்புரவுப் பணியாளர் வரும் நாளில் மட்டும் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் போன்றது உறங்கும் படிமம்.

அப்படியாயின் செய்ய வேண்டுவது யாது? எழுப்புவதற்கு முன்னரே, உறங்கும்போதே திருத்தத்தை உள்ளே வைத்துவிடுதல். பள்ளிக்கூடத்தில் இதற்கு நிகரான செயல் ஒன்று உண்டு. புதிய பாடநூல்கள் வந்து கிடங்கில் அடுக்கப்பட்ட பின், ஒரு பக்கத்தில் பிழை இருப்பது தெரியவந்து, பிழைதிருத்தச் சீட்டு அனுப்பப்பெறுவதுண்டு. அதனைக் கிடங்கிலேயே ஒவ்வொரு நூலிலும் ஒட்டிவிடலாம். அல்லது நூல்களை மாணவரிடம் கொடுத்துவிட்டு, வகுப்பில் ஒட்டச் சொல்லலாம். இரண்டாம் வழியில் நாற்பது பேரில் ஐவர் வந்திருக்கமாட்டார்கள். இருவர் நூலை வீட்டில் மறந்திருப்பார்கள். ஒருவன் வேறு பக்கத்தில் ஒட்டியிருப்பான். கிடங்கில் நூல்கள் பேசாமல் இருக்கின்றன. ஒருவர் அமர்ந்து ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

கணினியிலும் அப்படியே. இயங்கும் விண்டோஸில் திருத்தம் இடுவது ஓடும் வண்டிக்குச் சக்கரம் மாற்றுவது போன்றது. பயன்பாட்டில் உள்ள கோப்பை மாற்ற அமைப்பு இசைவதில்லை. அதனால்தான் மீண்டும் மீண்டும், கணினியை அணைத்து எழுப்புக என்னும் அறிவிப்பு வருகிறது. உறங்கும் படிமத்தில் எந்தக் கோப்பும் பயன்பாட்டில் இல்லை. எல்லாம் வெறும் எழுத்துகள்.

இங்கு நுண்ணறிவுடைய மாணவர் ஒருவர் வினா எழுப்பலாம். வலையமைப்பின் இணைப்பை நீக்கிவிட்டு எழுப்பி, திருத்தத்தை உள்ளே கொடுத்து, பிறகு இணைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஓரிரு கணினிகளுக்கு அதுவே எளிய வழி. ஆனால் படிமங்கள் 300 இருந்து, ஒவ்வொன்றும் எழுந்து திருத்தம் பெற்று அணைய அரை மணி என்று கொண்டால் 150 மணி நேரம் வேண்டும். மேலும், எழுந்த கணினி சும்மா இருப்பதில்லை. இன்ன நேரத்தில் இன்ன வேலை என்று அதற்கு முன்பே இட்ட பணிகள் உண்டு. எழுந்ததும், தான் உறங்கிப்போனதை அறியாமல், காலம் கடந்த வேலைகளைச் செய்யத் தொடங்கும், குறிப்பேடுகளில் எழுதும், சிலவற்றை அழிக்கும். தேர்வுக்கென்று துலக்கிவைத்த படிமம் எழுப்பிய அளவிலேயே பழைய நிலையினின்றும் வேறுபட்டுவிடுகிறது.

இனி, செய்யும் முறையைப் பார்ப்போம். விண்டோஸ் படிமங்களுக்கு உரிய கருவியின் பெயர் டிஸ்ம். 2009ஆம் ஆண்டில் விண்டோஸ் 7 உடன் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கருவி இருந்தது. டிஸ்ம் அவற்றை ஒன்றாக்கியது. வேலை செய்யும் கணினியில், மெய்நிகர் வட்டுக் கோப்பை முதலில் ஏற்ற வேண்டும். ஏற்றுதல் என்றால் இயக்குதல் அன்று. அக்கோப்பை வட்டுபோலக் காட்டுமாறு கணினிக்குச் சொல்வது மட்டுமே. ஏற்றியதும், அதற்கு ஓர் எழுத்து கிடைக்கும். உங்கள் பென்டிரைவைச் செருகினால் கிடைப்பதுபோல. உள்ளே சென்றால் விண்டோஸ் என்னும் அடைவும் அதன் உட்பிரிவுகளும் தெரியும். அது மயங்கிக் கிடப்பவரின் உடலை மேசைமீது கிடத்தியது போன்ற நிலை. இதயம் துடிப்பது உங்கள் கணினியில்தான், அதில் அன்று.

பிறகு, திருத்தப் பொதியை இந்தப் படிமத்தில் சேர் என்று டிஸ்ம் கருவிக்குக் கட்டளையிட வேண்டும். அது என்ன செய்கிறது? பொதியை விரித்து, புதிய கோப்புகளைப் படிமத்தின் உறுப்புக் களஞ்சியத்தில் வைக்கிறது. விண்டோஸ் தன் உறுப்புகள் அனைத்தின் படிகளையும் பதிப்பு வாரியாக வைத்திருக்கும் இடம் அது. அத்துடன், ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டிலும் எழுதுகிறது. இயங்கும் விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி ஏதோ மாயப்பொருள்போலத் தோன்றும். உறங்கும் நிலையில்தான் அதன் உண்மை வடிவம் தெரிகிறது: சிஸ்டம்32 அடைவினுள் கான்பிக் என்னும் பிரிவில் கிடக்கும் சில கோப்புகள், அவ்வளவே. அவற்றைத் திறந்து எழுதி மூடலாம். என்னைக் கேட்டால், இயக்க அமைப்பின் உள்ளமைப்பைக் கற்க விரும்பும் மாணவன் இயங்கும் கணினியைப் பார்ப்பதினும், இப்படி ஏற்றிய படிமம் ஒன்றில் ஒரு மணி நேரம் உலவுவது மேல் என்பேன். இயங்கும்போது ஒளிந்துகொள்ளும் பலவும் இங்கே கைக்கு எட்டும்.

இரண்டு செய்திகளை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். கருவி, படிமத்திலுள்ள விண்டோஸை ஒத்த காலத்தது அல்லது அதற்குப் பிந்தியதாக இருத்தல் நன்று. பழைய கருவிக்குப் புதிய படிமத்தின் அமைப்பு விளங்காது. மற்றொன்று வரிசை. திருத்தங்களை இடுகின்ற பகுதியையே திருத்தும் பொதிகள் உண்டு. பல படிமங்களில் அவற்றை முன்னரே இட்டாலன்றி அடுத்தவை ஏறமாட்டா. சுண்ணாம்பு அடிப்பவர் முதலில் ஏணியைச் சரிபார்ப்பதைப் போன்றது இது.

எல்லாம் முடிந்தபின், படிமத்திலுள்ள பொதிகளின் பட்டியலைக் கேட்டால், புதிய திருத்தத்திற்கு எதிரே நிறுவப்பட்டது என்று எழுதியிருப்பதற்குப் பதிலாக, நிறுவுதல் நிலுவையில் உள்ளது என்று காணப்படுவதுண்டு. பலர் இதனைக் கண்டு வேலை கெட்டது என்று எண்ணுகிறார்கள். கெடவில்லை. உறங்குபவருக்குச் சட்டை மாற்றலாம். நடக்கச் சொல்ல முடியாது. கோப்புகளை வைத்தல், பதிவேட்டில் எழுதுதல் ஆகியவை உறக்கத்தில் நிகழும். சேவை ஒன்றை நிறுத்தித் தொடங்குதல், தன் கருவிகளை வினவிப் பார்த்தல் போன்றவை விழித்தால்தான் இயலும். அவற்றையெல்லாம் ஒரு குறிப்பில் எழுதிவைத்து, முதல் விழிப்பின்போது, எவரும் உள்ளே நுழைவதற்கு முன் விண்டோஸ் செய்து முடிக்கிறது. முதன்முறை எழும்போது சற்று நேரம் பிடிப்பதற்குக் காரணம் இதுவே. பொறுமையிழந்து அப்போது அணைத்துவிடலாகாது.

லினக்ஸ் உலகிலும் இச்சிக்கல் உண்டு. தீர்வின் போக்கு மட்டும் வேறு. யூனிக்ஸில் 1979ஆம் ஆண்டளவிலேயே தோன்றிய சிரூட் என்னும் வசதி, ஏற்றிய அடைவு ஒன்றையே உலகம் என்று ஒரு நிரலை நம்பச் செய்யும். அவ்வழியாகப் படிமத்தினுள் புகுந்து, அதன் திருத்தும் நிரலையே ஓட்டலாம். ஆனால் அந்நிரல்களை எழுதியவர்கள் கணினி விழித்திருக்கிறது என்றே கருதி எழுதியவர்கள். திருத்தம் இட்டபின் சேவையை மீண்டும் தொடங்கு என்று அவற்றில் ஒரு வரி இருக்கும். உறங்கும் படிமத்தில் தொடங்குவதற்குச் சேவை ஏது? சில வேளைகளில், வேலை செய்யும் கணினியின் சேவையே தவறாக எழுப்பப்படும். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், திருத்தும் நிரல்களைத் தாமே படித்துப் பார்த்து, உறக்கத்துக்கு ஒவ்வாத வரிகளை நீக்கியோ மாற்றியோ எழுதும் கருவி ஒன்றை ஆக்கினார்கள். அதற்கு நூவா என்று பெயரிட்டனர். வானத்தில் விழுந்த ஓட்டையை அடைத்தவள் என்று சீனப் புராணம் கூறும் தெய்வத்தின் பெயர் அது. ஒட்டுப்போடும் கருவிக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

இதுவரை கூறியவை முறைகள். இனிக் கூறப்போவது, கைதவறினால் நேரும் கேடு. இதில் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

உறக்கத்தில் இரு வகை உண்டு. முறையாக அணைக்கப்பட்ட கணினி ஒன்று. இருந்த நிலையிலேயே உறைந்துபோகுமாறு நிறுத்தப்பட்ட கணினி மற்றொன்று. பின்னதில், நினைவகத்தில் இருந்தவை யாவும் ஒரு தனிக்கோப்பில் சேமிக்கப்படும். எழுப்பினால், பாதி எழுதிய வாக்கியத்தின் அடுத்த எழுத்திலிருந்து தொடரலாம். மிக வசதியானது. ஆயினும், அந்நிலையில் அதன் வட்டைத் தொடுவது பெருந்தவறு. கணக்கர் ஒருவர் பேரேட்டின் ஒரு பக்கத்தைக் கூட்டி, தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்தார் என்க. அவ்வேளை வேறொருவர் வந்து பேரேட்டில் இரண்டு வரிகளைத் திருத்திவிட்டுப் போகிறார். கணக்கர் கண் விழித்துப் பேரேட்டைத் திரும்பப் பார்ப்பாரா? மாட்டார், மனத்திலுள்ள பழைய தொகையையே எழுதுவார். இப்பொழுது வரிகள் ஒன்று கூறுகின்றன. தொகை வேறு கூறுகிறது. உறைநிலையிலுள்ள கணினியும் வட்டின் எந்தக் கட்டங்கள் காலி, எந்தக் கோப்பு எங்கே என்னும் செய்திகளைத் தன் நினைவில் வைத்திருக்கிறது. எழுந்ததும் அந்தப் பழைய நினைவை நம்பிப் புதிய கோப்புகளின்மேல் எழுதிவிடும். திருத்தமும் கெடும், முன்பிருந்தவையும் கெடும். ஆதலால், உறைநிலையில் உள்ளதை எழுப்பி, முறைப்படி அணைத்த பின்னரே படிமத்தை ஏற்றுதல் வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் வட்டை வெளியிலிருந்து திருத்த முயல்வது இதனினும் கொடிது என்று சொல்ல வேண்டுவதில்லை.

மற்றொரு கேடு, தாய் வட்டு, சேய் வட்டு என்னும் அமைப்பினால் வருவது. ஆய்வுக்கூடத்தில் முப்பது மாணவர்களுக்கு முப்பது மெய்நிகர் கணினிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முழு வட்டு கொடுத்தால் இடம் போதாது. அதனால் ஒரு தாய் வட்டினை ஆக்கி, அதன்மேல் முப்பது சேய் வட்டுகளை அமைப்பர். சேயில் இருப்பது, தாயினின்றும் மாறுபட்ட கட்டங்கள் மட்டுமே. புவியியல் வகுப்பில் நாம் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு நிலப்படம். அதன்மேல் ஒளி ஊடுருவும் தாள். ஆறுகளைத் தாளில் வரைகிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முழுப்படம். இப்பொழுது அடியிலுள்ள படத்தை எடுத்துவிட்டு, சிறிது பெரிதாக வரைந்த வேறு படத்தை வைத்தால் என்ன ஆகும்? காவிரி மலையேறும்.

சேய் வட்டில் கோப்பின் பெயர்கள் இல்லை. கட்ட எண்களே உண்டு. தாயில் காலியாக இருந்த ஒரு கட்டத்தில் சேய் தன் கோப்பின் ஒரு பகுதியை எழுதியிருக்கும். தாயில் நீங்கள் திருத்தம் இட்டால், அதே கட்டத்தில் புதிய விண்டோஸ் கோப்பு வந்து அமரும். சேய்க்கு அது தெரியாது. சேயின் பட்டியலும் தாயின் உள்ளடக்கமும் கலந்து, எவராலும் பிரிக்க முடியாத குழப்பம் விளையும். இதனைத் தடுக்கவே, சேய் வட்டின் தலைப்பில் தாயின் அடையாள எண் குறிக்கப்பட்டுள்ளது, வி.எச்.டி. வகையில் தாய் கடைசியாக மாறிய நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். பொருந்தாவிட்டால் மென்பொருள் இணைக்க மறுக்கும். ஆனால் அந்த மறுப்பைப் புறக்கணித்துக் கட்டாயமாக இணைக்கும் வழியும் உண்டு என்பதே துயரம்.

என் பழைய மாணவர் ஒருவர் பணியாற்றிய கல்லூரியில் இவ்வாறே நடந்தது. விடுமுறையில் ஒருவர் நல்லெண்ணத்தோடு தாய் வட்டில் திருத்தங்கள் அனைத்தையும் இட்டார். மறுப்பு வந்தபோது கட்டாயமாக இணைத்தார். இறுதியாண்டு மாணவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது, மூன்று மாத உழைப்பில் எழுதிய திட்டப்பணிகள் பெயரளவில் இருந்தன. திறந்தால் உள்ளே குப்பை. தாயின் பழைய படியும் இல்லை. இருந்திருந்தால் அதனை மீண்டும் அடியில் வைத்து எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். அப்பிள்ளைகள் பலர் திரும்பவும் முதலிலிருந்து தட்டச்சு செய்தார்கள் என்று அவர் சொன்னபோது, கேட்க வருத்தமாக இருந்தது.

செய்யத்தக்கது என்ன? சேய்கள் உள்ள தாயைத் தொடாதிருத்தல். சேயை ஏற்றிச் சேயிலேயே திருத்தம் இடலாம். எழுதுவன யாவும் சேயிலேயே தங்கும். அல்லது, தாயைப் படியெடுத்து அப்படியில் திருத்தம் இட்டு, அதன்மேல் புதிய சேய்களை அமைத்து, மாணவர்தம் கோப்புகளைப் பெயர் வழியே அவற்றுக்குள் கொண்டுபோகலாம். இடமும் நேரமும் மிகுதியாக வேண்டும். ஆனால் கேடு இல்லை. நிலைப்பட்ட பிடிப்பு என்று எடுத்துவைக்கும் ஸ்நாப்ஷாட்டுகளும் உள்ளே பெரும்பாலும் இதே தாய் சேய் அமைப்புத்தான் என்பதையும் மறவாதீர்கள். ஒரு கணினிக்கு ஒரு வட்டுத்தானே என்று எண்ணியிருப்பீர்கள்; ஸ்நாப்ஷாட்டு ஒன்று எடுத்த அந்நாளே அது இரண்டாகியிருக்கும்.

இவற்றைக் கைப்படச் செய்து பார்க்க விரும்புவோர்க்கு விலையில்லா மெய்நிகர் மென்பொருள்கள் கிடைக்கின்றன. கெட்டாலும் கவலையில்லாத ஒரு படிமத்தை அமைத்துக்கொள்ளுங்கள். முறையாக அணையுங்கள். கோப்பைப் படியெடுத்து வேறிடத்தில் வையுங்கள்; ஓர் எழுத்தைப் பெற்று ஏற்றிய வட்டில் செய்யும் மாற்றம் அப்போதைக்கப்போதே எழுதப்பட்டுவிடும், திரும்பப் பெறுவதற்கு அந்தப் படி ஒன்றே துணை. படிமத்தின் உள்ளே உள்ள எந்த நிரலையும் உங்கள் கணினியிலிருந்து இயக்கிப் பார்க்க வேண்டா. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதவிடத்து இது முக்கியம். திருத்தம் இட்டபின் வட்டை முறைப்படி இறக்கிவிடுங்கள். பிறகு ஒரு முறை, வலையமைப்பு இல்லாமல் எழுப்பி, நிலுவை வேலைகள் முடியும்வரை காத்திருந்து, பட்டியலில் நிலுவை என்னும் சொல் நீங்கியதைக் கண்டு, மீண்டும் அணையுங்கள். கோப்பின் பெயரோடு அன்றைய தேதியையும் சேர்த்து எழுதிவையுங்கள். அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய் கழிந்து மறுநாள் காலையில் அதனைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.